ஆணியில் தொங்கிய மஞ்சள் பட்டை

பட்டன் என்று அவளை முதலில் கூப்பிட்டது யார் என்று கேட்டால் எங்கள் தெருவில் ஆளுக்கு ஒருவரைக் கை காட்டுவார்கள். தையல்காரியின் ஒரே மகள். பதினொரு வயது. பேச்சு வரவில்லை. எந்நேரமும் உள்ளங்கையில் ஒரு கோட்டுப் பட்டனை மூடி வைத்திருப்பாள். யாராவது வேடிக்கைக்குப் பிடுங்கினால் அழமாட்டாள், அடிக்கவும் மாட்டாள். பிடுங்கியவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கடைசியில் அவருக்குத்தான் ஒரு மாதிரியாகி, “இந்தா தாயே, நீயே வச்சுக்கோ” என்று திருப்பிக் கொடுக்கும்படி ஆகும்.

நான் அவர்கள் வீட்டுக்கு மேல் மாடியில் குடியிருக்கிறேன். கீழே தையல் மெஷின் ஓடினால் என் தரை அதிரும். சண்டை நடந்தாலும் சிரிப்பு நடந்தாலும் எனக்குக் கேட்டுவிடும். ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. வீடு கட்டியவன் தரையைக் கனமாகப் போடவில்லை, அவ்வளவுதான். முன்னறைதான் தையல் கடை, முழுக்கத் துணி. மெஷினுக்கு மேலே சுவரில் ஓர் ஆணி, அதில் அளவு நாடா. பட்டனின் அப்பா ஐஸ் பாக்டரியில் வேலை. சாயங்காலம் அவர் உள்ளே நுழைந்தால் அமோனியா வாடை மாடி வரைக்கும் வரும். கையெல்லாம் ஊறி வெளுத்துப்போய்ச் சுருங்கி இருக்கும். அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொள்வாள் பட்டன். அதற்கப்புறம்தான் அவர் செருப்பைக் கழற்றுவார்.

அவள் படித்த பள்ளியில் முன்பு பெரிய சார் ஒருவர் இருந்தார். அவர் வைத்ததுதான் சட்டம். பட்டன் மாதிரிப் பிள்ளைகள் எட்டொன்பது பேரைக் கழிப்பறைக்குப் பக்கத்திலிருந்த கடைசி ரூமில் ஒரு டீச்சரோடு உட்கார வைத்திருந்தார். பிரேயருக்கு அவர்கள் வரக் கூடாது, விளையாட்டுக்கு வரக் கூடாது. ஒருநாள் சீருடை தைத்துக் கொடுக்கப்போன தையல்காரி, அந்த ரூமின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டாள். டீச்சரும் உள்ளேதான் இருந்தாள்.

“தாப்பாள் போட்டு அடைக்கறதுக்கு என் பொண்ணு என்ன கோழியா?” என்று அன்றைக்கு அவள் போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. அன்று ஆரம்பித்தவள் ஓயவில்லை. தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். பெரிய சார் ஓய்வு பெறுவதற்கும் மேலே இருப்பவர்கள் புதுத் திட்டம் கொண்டுவருவதற்கும் சரியாக இருந்தது. கடைசி ரூம் கிடையாது, எல்லாப் பிள்ளையும் எல்லா வகுப்பிலும் உட்காரலாம். தலைமை ஆசிரியர் என்று தனியாக ஒருவர் கிடையாது, ஒரு குழு சேர்ந்து பள்ளியை நடத்தும். ஆசிரியர்களில் சிலர், வாட்ச்மேன், பெற்றோரில் ஒருவர். அந்தப் பெற்றோர் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

“ஆளாளுக்கு நாட்டாமைன்னா உருப்பட்ட மாதிரிதான்” என்று ஐஸ்காரர் சிரித்தார். “தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன்.”

“ஒரு தண்டல்காரன் இருந்தப்ப உங்க பொண்ணு தாப்பாளுக்குப் பின்னாடி இருந்தா. ஞாபகம் இருக்கில்ல?” என்றாள் அவள்.

கடைசி ரூம் டீச்சரை மூன்று பள்ளிக்குப் பொதுவாகப் போட்டுவிட்டார்கள். இங்கே செவ்வாய்க்கிழமை மட்டும் வருவாள். அதனால் பேரே செவ்வாய் டீச்சர் ஆகிவிட்டது. மாறிப்போகும் முன்னால் ஒருநாள் தையல் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். நானும் பால் வாங்கப் போன சாக்கில் அங்கேதான் இருந்தேன்.

“அம்மா, இனிமே நான் இல்லாத நாள்ல இவளை யார் பாத்துக்கறாங்கன்னு கேட்டா என்ன சொல்வாங்க?”

“எல்லாரும்தான்னு சொல்வாங்க.”

“அதான் எனக்கு பயமா இருக்கு” என்றாள் டீச்சர். “ஒரு சின்ன வேலை பண்ணிக் குடுங்க. மஞ்சள் துணியில, ரெண்டு விரல் அகலத்துக்கு, கைல கட்டிக்கற மாதிரி ஒரு பட்டை. பெரியவங்க கைக்கும் சேரணும், சின்னக் கைக்கும் சேரணும்.”

தையல்காரி பேசிக்கொண்டே தைத்து முடித்தாள். இரண்டு வரிசையாகப் பிரஸ் பட்டன் வைத்தாள். டீச்சர் அதை வாங்கிப் பட்டனின் கையில் கொடுத்தாள். பட்டன் அதைப் பிடித்து டீச்சருக்கு நேராக நீட்டினாள். டீச்சர் வாங்கித் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டதும் பட்டனின் கை தானாக வந்து அவள் உள்ளங்கைக்குள் உட்கார்ந்தது. பட்டன் இருக்கிற கை இல்லை, மற்றது.

“அட!” என்றேன் நான்.

“ஒரு மாசமா சொல்லிக் குடுத்தேங்க்கா. கைக்குட்டையை வச்சு. இப்ப நல்லா பிடிபட்டிருச்சு” என்றாள் டீச்சர். முகமெல்லாம் பூரிப்பு. “யார்கிட்ட நீட்டுறாளோ அவங்க வாங்கிக் கட்டிக்கணும். கையைப் பிடிச்சுக்கணும். ஒரு பீரியட் முடிஞ்சதும் கழட்டி இவகிட்டயே குடுத்து, அடுத்த ஆள் முன்னாடி நிறுத்தணும். இவளே நீட்டுவா. யாரும் வாங்காம மட்டும் இருந்துரக் கூடாது. அவ பேசற ஒரே பேச்சு இதுதான்.”

தையல்காரி மெஷினை விட்டு எழுந்து வந்து மகளின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். டீச்சர் பட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். பட்டன் தன் அம்மாவிடம் நீட்டினாள். பெற்று வளர்த்த இத்தனை வருஷத்தில் அந்தப் பிள்ளை தன்னிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று அவள் பிற்பாடு என்னிடம் சொல்லி அழுதாள். சந்தோஷத்தில்தான்.

கொஞ்ச காலம் எல்லாம் நன்றாகவே நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் என் வாய் அழுகிப்போகும். பட்டன் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்துப் பிள்ளைகள் அவளுக்குப் பென்சில் சீவிக் கொடுத்தார்கள். கணக்கு சார் கையில் மஞ்சள் பட்டை கட்டிக்கொண்டு ஒரு கையால் கரும்பலகையில் எழுத, இன்னொரு கையை அவள் பிடித்திருப்பாள். டிராயிங் மிஸ் அவளை மடியிலேயே வைத்துக்கொள்வாள். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்களே, அப்படி ஒரு முகம் அந்தப் பள்ளிக்கு வந்திருந்தது. தையல்காரி குழுக் கூட்டத்துக்கு இஸ்திரி போட்ட சேலை கட்டிக்கொண்டு போவாள். வந்ததும் மாடிக்கு ஏறி வந்து என்னிடம் ஒப்பிப்பாள். அவளுக்கு அது ஒரு ராஜாங்கம்.

அப்படி ஒரு கூட்டம் முடிந்து வந்த சாயங்காலம், கீழே ரொட்டி சுடுகிற வாசனையோடு பேச்சும் மேலே வந்தது.

“ஆணியா? எதுக்கு ஆணி?” என்று ஐஸ்காரர் கேட்டார்.

“பட்டையை மாட்டறதுக்குங்க. ஒவ்வொரு பீரியடும் அடுத்த ஆளைத் தேடிக்கிட்டு அலைய வேண்டியிருக்காம். ஒருத்தர் லீவு, ஒருத்தர் மேல்மாடி, ஒருத்தர் போன்ல. கணக்கு சார்தான் சொன்னாரு, பொறுப்பு நம்ம எல்லாருக்கும்தானே, அது ஏன் ஒருத்தர் கையிலயே இருக்கணும்னு. வராண்டாவுல நடுவுல மாட்டிட்டா, யார் ஓய்வா இருக்காங்களோ அவங்க எடுத்துக் கட்டிக்கலாம். வேலை வந்தா திருப்பி மாட்டிடலாம்.”

“நீ என்ன சொன்னே?”

“நானும் சரின்னுதான் சொன்னேன். எல்லாருமே கையைத் தூக்கினாங்க.”



“எங்க பாக்டரியில ஐஸ் தொட்டிக்கு மேல ஒரு பலகை இத்துப்போய் கிடக்கு” என்றார் அவர். “கீழ உப்புத் தண்ணி. விழுந்தா எலும்பு விறைச்சுரும். எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் தாண்டித் தாண்டித்தான் போறோம். எல்லாருக்கும் தெரியுங்கறதாலயே இத்தனை நாளா அதை ஒருத்தனும் மாத்தல.”

“ஆரம்பிச்சுட்டீங்களா? நல்லது நடக்கறப்ப அபசகுனமா எதையாவது சொல்லணும் உங்களுக்கு. முட்டையை எடுத்துக்கோங்க, ஆறிப்போகுது.”



ஆணி அடித்த சில நாளில் வாட்ச்மேன் தொளதொளத்த சட்டையைப் பிடித்துத் தைக்கக் கொடுக்க வந்தார். நல்ல மனுஷர், வாய் கொஞ்சம் நீளம். “தையலம்மா, உங்க பொண்ணு மாதிரி சமத்து உண்டா? நேத்து பட்டை பாட்டுக்கு ஆணியில தொங்குது. இவ அதுக்கு நேர் கீழ நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருக்கா. ஒரு பீரியட் பூரா! அசையணுமே! ஆணிக்கு காவல் போட்டாப்ல. எனக்கு ஒரு ஆள் மிச்சம்னு சொல்லிச் சிரிச்சோம்.”

தையல்காரியும் சிரித்தாள். அவர் போன பிறகு ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள், கோக்க முடியவில்லை. “அக்கா, அவர் சொன்னது எனக்குச் சரியாப் படல” என்றாள்.

“கூட்டத்துல சொல்லேன்” என்றேன்.

“சொன்னா, நீங்களும்தானே கையைத் தூக்கினீங்கன்னு கேப்பாங்க. அதுவும் இல்லாம பெரிய ஆளுங்க பாக்க வரப்போறாங்க. எல்லாரும் சேர்ந்து நடத்தற பள்ளிக்கூடம்னு நம்மளைத்தான் முன்மாதிரியா காட்டப்போறாங்களாம். இப்ப போய் நான் குறை சொன்னா, பழையபடி கடைசி ரூமையே திறந்துருவாங்களோன்னு பயமா இருக்கு.”

அடுத்த செவ்வாய்க்கிழமை டீச்சர் நேராகக் கடைக்கே வந்துவிட்டாள். மூச்சு வாங்கியது.

“அம்மா, நீங்களுமா சம்மதிச்சீங்க?”

“டீச்சர், எல்லாரும் அன்பா தான் இருக்காங்க...”

“அன்பு இல்லேன்னு நான் சொல்லல. இவ யார்கிட்ட நீட்டுவா இனிமே? ஆணிக்குக் கை இல்லையேம்மா!” என்றாள் டீச்சர். “நான் கணக்கு சார்கிட்ட கேட்டேன். உங்களுக்குப் பழைய ரூம் மேல பாசம், புதுசு பிடிக்கலன்னு சொல்றாரு. எனக்கா? அந்தத் தாப்பாளுக்கு உள்ள நானும்தானே இருந்தேன்?”

“வர்றவங்க வந்துட்டுப் போகட்டும் டீச்சர். அப்புறம் நானே கூட்டத்துல பேசறேன். என் மேல சத்தியம்.”

பட்டன் துணிக் குவியலில் உட்கார்ந்து தன் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் வருகிற நாளன்று காலையிலிருந்தே மேகம் கூடிக்கொண்டு வந்தது. மழையும் வரவில்லை, காற்றும் இல்லை. கொடியில் போட்ட துணி ஈரம் காயாமல் பிசுபிசுத்தது. தையல்காரி புதுச் சேலை கட்டிக்கொண்டு, மகளுக்குத் தலை பின்னிவிட்டு அழைத்துப் போனாள். தெருமுனை போகிறவரை பார்த்துக்கொண்டே நின்றேன். ஏன் நின்றேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

பள்ளியில் அன்றைக்கு எல்லோருக்கும் தலைக்கு மேல் வேலை. டிராயிங் மிஸ் பிள்ளைகள் வரைந்த படங்களை வராண்டாச் சுவரில் ஒட்டினாள். ஏறி நிற்பதற்கு ஒரு பெஞ்சைப் போட்டவள் அதை அங்கேயே விட்டுவிட்டாள். ஆணிக்குக் கீழே. வாட்ச்மேன் பின்பக்கக் கேட்டைத் திறந்து வைத்து, பக்கத்துக் கட்டடத்திலிருந்து நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டிருந்தார். வந்தவர்களைக் கூடத்தில் உட்கார வைத்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். குழுவில் ஒவ்வொருவராகப் பேசினார்கள். தையல்காரியும் பேசினாள். நன்றாகப் பேசினாளாம். வந்திருந்த ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம்.

கார்கள் போனபோது முதல் தூறல் விழுந்தது. அந்தப் பூரிப்போடு மகளை அழைத்துப்போக வகுப்புக்குப் போனாள் தையல்காரி. இரண்டாவது பெஞ்சில் பை இருந்தது, பிள்ளை இல்லை.

“மிஸ், பொண்ணு எங்க?”

“கணக்கு சார்கிட்ட இருப்பா. பட்டை ஆணியில இல்லையே, பாத்தேனே.”

கணக்கு சார், “என்கிட்ட இல்லையேம்மா. ஆணி காலியா இருந்துச்சு, மிஸ் எடுத்திருப்பாங்கன்னு நினைச்சேன்” என்றார். வாட்ச்மேன், “நானும் பாத்தேன், காலியாத்தான் இருந்துச்சு. அப்பாடா, யாரோ பாத்துக்கறாங்கன்னு போயிட்டேன்” என்றார்.

தையல்காரி ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. ஒவ்வொருவர் மணிக்கட்டாகப் பார்த்துக்கொண்டே வராண்டா நெடுகப் போனாள். கடிகாரம், வளையல், கறுப்புக் கயிறு. ஒரு கையிலும் மஞ்சள் இல்லை.

பக்கத்து பெஞ்சுப் பெண் ஒருத்திதான் சொன்னாள். “பெஞ்சு மேல ஏறி அவளே எடுத்தா. கைல வச்சுக்கிட்டு எங்கெங்கயோ போனா. அப்புறம் அவளே கட்டிக்கிட்டா. பெருசா இருந்துச்சுன்னு முழங்கை வரைக்கும் ஏத்தி விட்டுக்கிட்டா. அப்படியே கேட்டுப் பக்கம் போயிட்டா.”

தன் கையே தனக்குதவி என்று நாம் எத்தனை சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.

எனக்குத் தகவல் வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. செருப்பு கூடப் போடாமல் ஓடினேன். பள்ளிக்குப் பின்னால் ஒரு சாக்கடைக் கால்வாய் இருக்கிறது, மழை வந்தால் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் ஓடும். வாட்ச்மேன் நீளமான கழியை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். கழி எதிலோ மாட்டும்போதெல்லாம் கரையில் நின்ற அத்தனை பேரும் மூச்சைப் பிடித்தோம். ஒரு தடவை சாக்கு வந்தது. ஒரு தடவை சைக்கிள் டயர். தையல்காரி அழவில்லை. புதுச் சேலை முழுக்கச் சேறு. கழியின் நுனியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கணக்கு சார் ஐஸ்காரருக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தார். ஐஸ் உடைக்கிற மெஷின் ஓடினால் அங்கே இடி விழுந்தாலும் கேட்காது.

அவள் அங்கேதான் போயிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு நடந்த பாதை. ரோட்டோரச் சுவரைத் தடவிக்கொண்டே போனால் பாக்டரி வந்துவிடும். உள்ளே போய், தொட்டிமேல் நடந்து, இற்றுப்போன பலகையைச் சரியாகத் தாண்டியிருக்கிறாள். அது எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் தாண்டாமல் குளிர் அறைக்குப் போகவே முடியாது. அப்பா அந்த நேரம் ஐஸ் உறைந்த டின்னைச் செயினில் தூக்கிக்கொண்டு மேலே நின்றிருந்தார், முதுகு இந்தப் பக்கம். வேலை நேரத்தில் அவர் பக்கத்தில் வரக் கூடாது, குளிர் அறை வாசலுக்குள் சாக்குமேல் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும் என்று அவர்தான் பழக்கியிருந்தார். அவள் காத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்தே இருக்கும். மற்ற நாளில், லாரிக்கு ஏற்றி முடித்ததும் அவர் முதுகாலேயே கதவைத் தள்ளிச் சாத்திவிடுவார். திரும்பிப் பார்க்கிற வழக்கம் கிடையாது. கனமான கதவு. தாழ்ப்பாள் வெளிப்பக்கம்.

அடுத்த லாரி சீக்கிரம் வந்தது, அதனால்தான் பிழைத்தாள். கதவைத் திறந்தவர் முதலில் ஏதோ துணி மூட்டை என்று நினைத்தாராம். இரண்டு ஐஸ் பாளத்துக்கு நடுவில் சாக்கைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம். கண் மட்டும் திறந்திருந்தது. அவரைப் பார்த்ததும் முழங்கையிலிருந்து பட்டையைக் கழற்றப் பார்த்திருக்கிறாள். விரல் விறைத்துப்போனதால் பிரஸ் பட்டன் பிரியவில்லை. அவர் எங்கே அதைக் கவனித்தார்? பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு கத்திக்கொண்டே ஓடிவிட்டார்.

“என்கிட்ட குடுக்கத்தாங்க்கா அவ்வளவு தூரம் வந்திருக்கா” என்று ஆஸ்பத்திரி வராண்டாவில் அவர் சொன்னார். “நான் கதவைச் சாத்தினேன்.”

உயிருக்கு ஒன்றுமில்லை. இடது கையில் இரண்டு விரல் நுனி கறுத்துப்போயிருந்தது. உணர்ச்சி வருமா வராதா, போகப்போகப் பார்க்கலாம் என்றார் டாக்டர். வலது கையைப் பிரித்தபோது உள்ளே பட்டன் அப்படியே இருந்தது.

அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு காலையில் பள்ளியில் குழு கூடியது. தையல்காரி என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள். செவ்வாய்க்கிழமை இல்லாவிட்டாலும் செவ்வாய் டீச்சர் வந்து மூலையில் நின்றாள். மேஜையில் டீ ஆறிக்கொண்டிருந்தது, ஒருவரும் தொடவில்லை.

கணக்கு சார் தொண்டையைக் கனைத்தார். “நடந்ததுக்கு நாம எல்லாருமே பொறுப்பு எடுத்துக்கணும்” என்றார்.

எல்லாரும் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் வாட்ச்மேன் முந்திக்கொண்டார். “பேசாம கடைசி ரூமையே திறந்துருங்க சார். ஒரு டீச்சர், ஒரு தாப்பாள். வம்பு இல்ல, வழக்கு இல்ல. எனக்கு ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது.”

பலருடைய தலை லேசாக ஆடியது. ஆடாத தலை எத்தனை என்று நான் பார்க்கவில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை.

அப்போதுதான் டிராயிங் மிஸ் உடைந்து அழுதாள். “என்கிட்ட வந்து நீட்டினா. என் கை பூரா பெயின்ட்டு. ஆணியில மாட்டிடு கண்ணுன்னு சொல்லி கன்னத்துல தட்டி அனுப்பிட்டேன்.”



“என்கிட்டயும் வந்தாம்மா” என்றார் வாட்ச்மேன் மெதுவாக. “ரெண்டு தோள்லயும் நாற்காலி. போய் மாட்டும்மா, யாராச்சும் எடுப்பாங்கன்னேன்.”

கணக்கு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார். “கூடத்து வாசல்ல... நான் வரவேற்புரையைப் பாத்துக்கிட்டு இருந்தேன். தலையை நிமிர்த்தல. ஆணியைக் கைகாட்டினேன்.”

எல்லோரும் தையல்காரியைப் பார்த்தார்கள். வையட்டும் என்று காத்திருந்தார்கள். அவள் வைதிருந்தால் அவர்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். அவள் வாய்க்கு முன்னால் யார் நிற்க முடியும்?

அவள் தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“கடைசியா என்கிட்டதான் வந்தா” என்றாள்.

“அம்மா?”

“நான் பேசிக்கிட்டு இருந்தேன். மைக்கைப் பிடிச்சுக்கிட்டு. இந்தப் பள்ளிக்கூடத்துல என் பொண்ணுக்கு ஒரு அம்மா இல்லைங்க, இங்க இருக்கறவங்க எல்லாருமே அம்மான்னு சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. அப்ப கதவுகிட்ட நின்னா. நீட்டிக்கிட்டே நின்னா. நான் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே தாடையால காட்டினேன், போய் மாட்டுன்னு. பெத்தவ நானே வாங்கல. அப்புறம் யாரை நான் குத்தம் சொல்றது?”

செவ்வாய் டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கடைசி ரூமைத் திறந்தா அந்தத் தாப்பாளை என் கையாலயே பிடுங்கிப் போடுவேன்” என்றாள் தையல்காரி. குரல் உயரவே இல்லை. “அவ தாப்பாள் போட்ட கதவுக்குப் பின்னாடி உட்கார்ந்தது போதும்.”

கணக்கு சார் எழுந்து வராண்டாவுக்குப் போனார். குறடு வாங்கி வந்து ஆணியைப் பிடுங்கினார். ஆழமாக அடித்திருந்தார்கள் போல, காரையெல்லாம் பெயர்ந்து வந்தது. திரும்பி வந்து தையல்காரி முன்னால் நின்றார். “நாளைக்கு அழைச்சுக்கிட்டு வாங்கம்மா. இந்த வருஷம் முடியற வரைக்கும் என் கைல மட்டும்தான் அந்தப் பட்டை இருக்கும். எனக்கு முடியலேன்னா நானே இன்னொருத்தர் கைல அவ கையைப் பிடிச்சுக் குடுப்பேன். என் பேர்ல எழுதி வையுங்க. குழு பேர்ல வேணாம்.” வாயளவுப் பேச்சில்லை அது. அந்த மனுஷர் கண்ணில் தண்ணீர் நின்றது.

வீட்டுக்கு வரும் வழியில் தையல்காரி ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். “டீச்சர் சொன்னப்பவே பேசியிருக்கணும்க்கா.”

 

உள்ளே ஐஸ்காரர் வேலைக்குப் போகாமல் தரையில் உட்கார்ந்து மகளுக்கு உருளைக்கிழங்கை மசித்து ஊட்டிக்கொண்டிருந்தார். அவள் வாங்கிக்கொண்டாள், ஆனால் அவர் கையைப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அவர் உள்ளே வந்தால் அவள் எழுந்து போய் அவர் கையைக் கன்னத்தில் வைத்துக்கொள்வதும் இல்லை. இடது கையில் கட்டு. வலது முழங்கையில் அந்த மஞ்சள் பட்டை. கழற்ற விடமாட்டாள். நர்ஸ் கூட அப்படியே விட்டுத்தான் மருந்து போட்டாள்.

தையல்காரி சேறு காய்ந்த செருப்போடேயே மகள் முன்னால் மண்டியிட்டாள். இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள்.

“கண்ணு, அம்மாகிட்ட குடு. அம்மா வாங்கிக்கறேன். இந்தா பாரு, அம்மா கைல ஒண்ணுமே இல்ல. ஊசி இல்ல, துணி இல்ல. குடுடா தங்கம்.”

பட்டன் அவள் முகத்தைப் பார்த்தாள். பிடுங்கியவர்களைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. அப்புறம் கோட்டுப் பட்டனைத் தரையில் வைத்தாள். வைத்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. கட்டுக்கு வெளியே இருந்த விரல்களால் பிரஸ் பட்டனை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பட்டையைக் கழற்றினாள்.

ஐஸ்காரர் எழுந்தே விட்டார். குழந்தை மனசு, மறந்துவிடும் என்று நினைத்தேன். நினைக்காமல் இருக்க முடியுமா?

பட்டன் அம்மாவின் நீட்டிய கைகளைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டாள். ஏறினாள். அளவு நாடா தொங்குகிற ஆணியில், அதன் மேல், மஞ்சள் பட்டையை மாட்டினாள். சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள். எல்லோரும் சொல்லிக்கொடுத்தபடியே செய்தாள்.

கீழே இறங்கி வந்து, தன் பட்டனை எடுத்துக்கொண்டு, வாசல் கதவைப் பார்த்து உட்கார்ந்தாள்.

தையல்காரியின் கைகள் நீட்டியபடியே இருந்தன.